விலக்கப்பட்ட கனி எது என்று ஆராய்வது எப்படி?

ஆதாமும் ஏவாளும் தின்ற பழம் எது என்று கேட்டால் சட்டென்று வரும் பதில் ஆப்பிள். கொஞ்சம் படித்தவர் குறுக்கிட்டு "ஆப்பிள் இல்லை, அத்தி" என்பார். இன்னும் கொஞ்சம் படித்தவர் திராட்சை, கோதுமை, மாதுளை, நாரத்தை என்று அடுக்குவார். எல்லோர் கையிலும் ஏதோ ஒரு சான்று இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது வேறொரு கேள்விக்கு உரிய சான்றாக இருக்கும். இந்த வாதம் முடியாமல் இழுபடுவதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே முதலில் கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் வரிகள் என்ன சொல்கின்றன? அவற்றைப் படித்தவர்கள் எந்தக் காலத்தில் எந்தப் பழத்தை மனத்தில் வைத்தார்கள்? கதை எழுதப்பட்ட நாட்டில், அந்தக் காலத்தில், எந்தப் பழங்கள் தெரிந்திருந்தன? ஒன்றுக்குக் கிடைத்த விடையை இன்னொன்றுக்குச் சான்றாக வைக்கக் கூடாது. மைக்கலாஞ்சலோ அத்திமரம் வரைந்தார் என்பது இரண்டாம் கேள்விக்கு நல்ல சான்று. முதல் கேள்வியில் அதைக் கொண்டுவந்தால் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதைதான்.

கட்டுரை எழுதுகிறவர், வகுப்பு எடுக்கிறவர், படிப்பு வட்டத்தில் பேசப் போகிறவர் யாராக இருந்தாலும் தேவை ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, கேள்விக்கு ஒரு பக்கம் என்று மூன்று பக்கங்கள். முடிந்தால் இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கம்: வரிகள் சொல்வது மட்டும்

ஆதியாகமம் 2:8 முதல் 3:24 வரை ஒரே மூச்சில் படியுங்கள். 42 வசனங்கள்தான். படித்து முடித்ததும், மரத்தைப் பற்றியும் பழத்தைப் பற்றியும் நேரடியாகச் சொல்லும் வசனங்களை மட்டும் எண்ணோடு எழுதுங்கள். சொந்த விளக்கம் எதுவும் இப்போது வேண்டாம்.

2:9இல் நிற்பவை இரண்டு மரங்கள்: ஜீவவிருட்சம் ஒன்று, நன்மை தீமை அறியத்தக்க விருட்சம் ஒன்று. 2:17இல் விலக்கப்படுவது இரண்டாவது மட்டும். ஜீவவிருட்சத்துக்குத் தடை வருவது கதையின் கடைசியில், 3:22இல். இந்த இரண்டையும் குழப்புவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. பேரீச்சை, மாதுளை இரண்டையும் முன்மொழியும் பல வாதங்கள் உண்மையில் ஜீவவிருட்சத்தைப் பற்றியவை. பண்டைய மெசப்பொத்தேமியச் சிற்பங்களில் வரும் புனித மரத்தை எடுத்துக்கொண்டு அதை அறிவின் மரத்தோடு ஒட்டிவிடுகிறார்கள்.

மரம் நின்ற இடமும் துப்பு தராது. 2:9 'தோட்டத்தின் நடுவிலே' என்பதை ஜீவவிருட்சத்தோடு சேர்த்துச் சொல்கிறது. 3:3இல் ஸ்திரீ, நடுவில் இருக்கும் மரம் என்று விலக்கப்பட்ட மரத்தைக் குறிப்பிடுகிறாள். 'தொடவும் வேண்டாம்' என்ற சொல்லும் அவள் வாயில்தான் வருகிறது. 2:17இன் கட்டளையில் அது இல்லை. தொட்டாலே ஆபத்தான நச்சுக்காய் என்று வாதம் கட்டுகிறவர்கள் இங்கே வழுக்கி விழுவார்கள்.

இனி 3:6. இந்த ஒரு வசனத்தில் நேரம் செலவழிக்கலாம், தகும். மரம் புசிப்புக்கு நல்லது, பார்வைக்கு இன்பம், புத்தியைத் தெளிவிக்க இச்சிக்கத்தக்கது என்று மூன்று பண்புகள் வருகின்றன. பலரும் இதைப் பழத்தின் வர்ணனை என்று எடுத்துக்கொண்டு, சிவப்பாகப் பளபளக்கும் பழத்தைத் தேடப் போகிறார்கள். வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள்: 'அந்த விருட்சம்'. எபிரேயத்திலும் மரம்தான். பழத்தின் நிறமோ மணமோ அளவோ எங்கும் இல்லை. இன்னொரு முறை 2:9க்குத் திரும்பினால், பார்வைக்கு அழகும் புசிப்புக்கு நலமும் தோட்டத்திலிருந்த எல்லா மரங்களுக்கும் பொது என்று தெரியும். ஆக மூன்று பண்புகளில் இரண்டு இந்த மரத்தைத் தனித்துக் காட்டவே இல்லை. மிஞ்சுவது மூன்றாவது ஒன்றே. அது தாவரவியல் பண்பு அல்ல.

3:7இல் அத்தியிலை வருகிறது. இந்தக் கதையில் பெயர் சொல்லப்பட்ட ஒரே மரம் அத்தி. இதை அடிக்கோடிட்டு வையுங்கள்; ஆனால் 'அத்தியின் இலை' என்று மட்டும் எழுதுங்கள். 'அத்தியின் பழம்' என்று எழுதிவிட்டால் முதல் பக்கம் கெட்டுவிடும்.

முதல் பக்கத்தின் அடியில், வரிகளில் இல்லாதவற்றையும் ஒரு வரியில் குறியுங்கள்: பழத்தின் பெயர் இல்லை, எத்தனை பழம் என்பது இல்லை. 'விலக்கப்பட்ட கனி' என்ற சொற்றொடர்கூட வேதாகமத்தில் இல்லை. பிற்காலத்தில் வழக்குக்கு வந்தது.

இரண்டாம் பக்கம்: யார், எப்போது, எதைச் சொன்னார்கள்

இங்கே காலவரிசைதான் முதுகெலும்பு. ஒவ்வொரு கருத்துக்கும் நூலின் பெயர், பகுதி எண், காலம் மூன்றையும் எழுதாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். 'யூத மரபில் கோதுமை' என்று மொட்டையாக எழுதினால் அது எதற்கும் உதவாது.

வேதாகமத்துக்கு வெளியே இந்த மரத்தைப் பற்றிப் பேசும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று ஏனோக்கு நூலின் முதல் பகுதி. அதன் காலம் பொதுவாகக் கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று கொள்ளப்படுகிறது. அதன் 32ஆம் அதிகாரத்தில் வரும் ஞான மரத்தின் இலை கரோப் என்ற மத்தியதரைக்கடல் பகுதி மரத்தின் இலை போல, பழம் திராட்சைக் குலை போல, மணம் நெடுந்தூரம் வீசும். முன்னோர்கள் உண்டது இதன் பழத்தைத்தான் என்று தூதன் சொல்கிறான். கவனியுங்கள், 'போல' என்பதுதான் அங்கே உள்ளது. அது திராட்சைக்கொடி என்று நூல் சொல்லவில்லை. உலகில் இல்லாத மரத்தைத் தெரிந்த மரங்களைக் கொண்டு வர்ணிக்கிறது. திராட்சை என்று நேராகச் சொல்வது வேதாகமத்தில் சேராத இன்னொரு பழைய நூலான 3 பாரூக்கு. சமாயேல் என்ற தூதன் நட்ட கொடிதான் ஆதாமைத் தவறச் செய்தது என்று அதன் 4ஆம் அதிகாரம் கூறுகிறது. கிரேக்கத்தில் உள்ள ஆதாம் ஏவாள் சரிதமோ அத்தியின் பக்கம். பழத்தைத் தின்றதும் மற்ற மரங்களின் இலைகள் எல்லாம் உதிர்ந்துவிட, அத்தி மட்டும் இலையோடு நிற்கிறது. தான் தின்றது அதிலிருந்துதான் என்று ஏவாளே சொல்கிறாள்.

யூத மத ஆசான்களான ரபிகளின் விவாதம் இந்தப் பக்கத்தின் மையம். ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான பாபிலோனிய தால்முத்தில் பெராகோத் 40அ பகுதியில் மூன்று கருத்துகள் உள்ளன. ரபி மேயீர் திராட்சை என்கிறார்: மனிதனுக்கு ஓலத்தைக் கொண்டுவருவது திராட்சரசத்தைப் போல வேறொன்றுமில்லை, குடித்து வெறித்த நோவாவைப் பாருங்கள் என்பது அவர் காரணம். ரபி நெகேமியா அத்தி என்கிறார்: எதனால் கெட்டார்களோ அதனாலேயே சீரானார்கள், அதாவது இலை அதே மரத்தின் இலை. ரபி யூதா கோதுமை என்கிறார்: தானியத்தைச் சுவைக்கும்வரை குழந்தைக்கு அப்பா, அம்மா என்று கூப்பிடத் தெரியாது, ஆகவே அறிவோடு சேர்ந்தது கோதுமைதான்.

இந்த வாதம் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த உணவுக்கு முன் எந்த ஆசீர்வாதம் சொல்ல வேண்டும், மரத்தின் கனிக்கு ஒன்று, நிலத்தின் விளைச்சலுக்கு ஒன்று என்ற சட்டப் பேச்சின் நடுவே வருகிறது. ரபிகள் தாவரவியல் பேச உட்காரவில்லை.

ஆதியாகம ரப்பா என்ற விளக்கநூலின் 15:7இல் பட்டியல் மாறுகிறது. அங்கே ரபி மேயீர் கோதுமை என்கிறார். திராட்சை என்பவர் யூதா பார் இலாய். அத்தி என்பவர் ரபி யோசே. அக்கோ ஊரைச் சேர்ந்த ரபி அப்பா, எத்ரோக் என்னும் தடித்த தோல் நாரத்தை என்கிறார். ஒரே மேயீருக்கு ஓரிடத்தில் திராட்சை, வேறிடத்தில் கோதுமை. இரண்டையும் கலந்து எழுதியவர்களின் கட்டுரைகளில் இந்த முரண் அப்படியே பல்லிளிக்கும். நூல் பெயரோடு எழுதினால் சிக்கல் இல்லை. கோதுமை மரமா என்ற கேள்விக்கும் அதே பகுதியில் விடை உண்டு: அந்தத் தாள்கள் லீபனோனின் கேதுருக்களைப் போல ஓங்கி நின்றனவாம்.

அதே பகுதி இன்னொரு கருத்தையும் தருகிறது. ரபி யோசுவா பென் லேவியின் பெயரால் சொல்லப்படுவது அது: கடவுள் அந்த மரம் எது என்று வெளிப்படுத்தவில்லை, வெளிப்படுத்தவும் மாட்டார், மனிதர்கள் அதைக் காட்டி 'உலகுக்குச் சாவைக் கொண்டுவந்த மரம்' என்று பழிக்கக் கூடாது என்பதால். பட்டியலில் இதைச் சேர்க்க மறப்பவர்கள் அதிகம். பழத்தின் பெயர் இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் பக்கத்தில் இதற்கு முழு இடம் தர வேண்டும், ஏனென்றால் பெயர் சொல்லாமை தற்செயல் அல்ல என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் கவனித்திருக்கிறார். 11ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷி அத்தியைச் சொல்லிவிட்டு, மரத்தின் பெயர் மறைக்கப்பட்டதற்கு இந்தக் காரணத்தையும் சேர்த்தே தருகிறார்.

குர்ஆனில் 2:35, 7:19, 20:120 ஆகிய இடங்களில் மரம் வருகிறது, பெயர் இல்லை. மறைத்துக்கொண்டதும் தோட்டத்தின் இலைகளால்தான், எந்த மரத்தின் இலை என்று இல்லை. உரையாசிரியர் தபரி (இறப்பு 923) கோதுமை, திராட்சை, அத்தி என்று வந்த செய்திகளைத் தொகுத்துவிட்டு, எது என்று தீர்மானிக்கச் சான்று இல்லை, அறிவதால் பயனும் இல்லை, அறியாததால் கேடும் இல்லை என்று முடிக்கிறார். கிறிஸ்தவத் தரப்பில் அகுஸ்தீன் மரத்தில் நஞ்சு எதுவும் இல்லை, கட்டளையை மீறியதே குற்றம் என்று வாதிட்டார். அந்தப் பார்வையில் எந்தப் பழமாக இருந்தாலும் கதை நிற்கும்.

மாதுளையும் பேரீச்சையும் மேலே சொன்ன இரண்டு ரபிப் பட்டியல்களிலும் இல்லை. மாதுளைக்கு வரும் ஆதரவில் பாதி, பாதாளத்தில் மாதுளை விதை தின்று சிக்கிக்கொண்ட கிரேக்கப் பெர்செபோனே கதையின் நிழல். பேரீச்சைக்குக் காட்டப்படும் சான்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் உருளை முத்திரை, கி.மு. 2200–2100 அளவிலானது. நடுவில் பேரீச்சை, இருபுறமும் உட்கார்ந்த இரு உருவங்கள், பின்னால் ஒரு பாம்பு. 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஸ்மித் இதை ஆதாம் ஏவாள் என்று படித்தார். உருவங்களில் ஒன்று கொம்புள்ள தலையணி அணிந்திருக்கிறது. மெசப்பொத்தேமியக் கலையில் அது தெய்வத்தின் அடையாளம். இன்று இதை ஒரு கடவுளும் வழிபடுபவரும் அமர்ந்த காட்சியாகவே படிக்கிறார்கள். இந்த முத்திரையின் படம் இன்றும் 'நிரூபணம்' என்ற தலைப்பில் சுற்றிவருகிறது, பார்த்தால் நம்பிவிடாதீர்கள்.

வாழைக்கு உள்ள சான்று பெயரளவில்தான்: தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வாழைக்கு 'மூசா பாரடைசியாகா', அதாவது பரதீசுக்கு உரிய மூசா, என்று பெயர் வைத்தார். அது அவர் காலத்து வழக்கின் எதிரொலி. தக்காளியை ஹங்கேரிய மொழியில் 'பாரடிசோம்' என்பதும் அப்படித்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடி ஆதாம் ஏவாளின் ஏதேன் தோட்டத்தில் முளைத்ததற்குச் சான்று ஆகாது.

ஆப்பிள் எங்கிருந்து வந்தது

இதற்குத் தனி இடம் வேண்டும், ஏனென்றால் கேட்பவர்கள் கட்டாயம் கேட்பார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது: லத்தீனில் 'மாலும்' என்றால் ஆப்பிள், குறிலோடு 'மலும்' என்றால் தீமை, இரண்டும் ஒரே எழுத்தில் எழுதப்படுவதால் சிலேடை பிறந்தது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எழுதும் முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவில் 3:6இல் உள்ள சொல் 'ஃப்ருக்துஸ்', வெறும் கனி. தீமையைக் குறிக்கும் 'மலி' ('மலும்' என்பதன் வேற்றுமை வடிவம்) 2:9இலும் 2:17இலும் மரத்தின் பெயரில் வருகிறதே தவிரப் பழத்துக்கு வரவில்லை. மேலும் லத்தீன் 'மாலும்' ஆப்பிளுக்கு மட்டும் உரியதல்ல. பாரசீக மாலும் என்றால் பீச், பூனிக் மாலும் என்றால் மாதுளை.

2022இல் ஆசான் யாதின்-இஸ்ராயேல் என்ற ஆய்வாளர் வேறு விளக்கம் தந்தார். லத்தீன் உரையாசிரியர்களிடம் இந்தச் சிலேடை எதிர்பார்த்த அளவுக்குக் கிடைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கலையில்தான் ஆப்பிள் தெளிவாகத் தலைகாட்டுகிறது. பழைய பிரெஞ்சில் பொதுவாகப் 'பழம்' என்று பொருள்பட்ட 'பொம்' என்ற சொல் அந்தக் காலத்தில் ஆப்பிளுக்கு மட்டும் என்று சுருங்கியது. மக்கள் பழைய வாக்கியத்தைப் புதுப் பொருளில் கேட்டார்கள் என்பது அவர் வாதம். சிலேடையை உறுதியான உண்மையாக எழுதுவதைவிட இரண்டையும் இரண்டு விளக்கங்கள் என்று எழுதுவது நேர்மை. இரண்டாவதே எங்களுக்கு வலுவாகத் தெரிகிறது, காரணம் அதற்கு இடமும் காலமும் உண்டு.

தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. எபிரேய 'தப்பூவாக்' என்ற சொல்லைப் பல மொழிகள் ஆப்பிள் என்று பெயர்க்கின்றன; உன்னதப்பாட்டு 2:3இல் பழைய தமிழ் வேதாகமம் அதைக் கிச்சிலிமரம் (ஆரஞ்சு இனம்) என்கிறது. சொல் எதுவாகவும் இருக்கட்டும், அது ஆதியாகமம் 3இல் வரவே இல்லை. அந்த வசனத்தை இங்கே இழுக்காதீர்கள்.

மூன்றாம் பக்கம்: எது வளர்ந்தது, எது தெரிந்திருந்தது

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2:14இல் வரும் இதெக்கேல் டைக்ரிஸ், ஐபிராத்து யூப்ரட்டீஸ். இவை தெரிந்த நதிகள். பைசோனும் கீகோனும் எவை என்பதில் உடன்பாடு இல்லை. தோட்டத்தைத் தெற்கு மெசப்பொத்தேமியாவில் வைத்தால் பேரீச்சை நாடு. நதிகள் பிறக்கும் ஆர்மீனிய மலைப்பக்கம் வைத்தால் ஆப்பிளும் வளரும். சிலர் பழத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கேற்ற இடத்தைக் கண்டுபிடிப்பார்கள், பிறகு அந்த இடத்தைக் காட்டிப் பழத்தை நிறுவுவார்கள். இந்தச் சுழலில் மாட்டாமல் இருக்க, ஏதேனின் இடத்தைக் கேட்காமல் 'கதையைச் சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் தெரிந்திருந்த பழங்கள் எவை' என்று கேளுங்கள். அதற்குத் தொல்லியல் விடை தரும்.

தொடக்கப் பட்டியலுக்கு உபாகமம் 8:8 உதவும்: கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன். தேன் என்பது பேரீச்சைத் தேன் என்று கொள்வது வழக்கம்.

அத்திக்கு இருக்கும் பழமை பிரமிக்க வைப்பது. யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் கரிந்த நிலையில் கிடைத்த அத்திகள் சுமார் 11,400 ஆண்டுகள் பழையவை என்று 2006இல் ஒரு குழு அறிவித்தது. அவை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழுக்கும் வகை, ஆகவே மனிதர் பதியம் வைத்து வளர்த்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

எத்ரோக் இங்கேதான் தடுமாறுகிறது. அதன் தாயகம் இமயமலை அடிவாரப் பகுதி. எருசலேமுக்கு அருகே ராமத் ராகேலில் பாரசீகர் காலத்துத் தோட்டத்தின் பூச்சில் அதன் மகரந்தம் கிடைத்திருக்கிறது, கி.மு. 5–4ஆம் நூற்றாண்டு. கதை அதற்கு முன்பே உருவாகியிருந்தால், கேட்டவர்களுக்கு எத்ரோக் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஏப்ரிகாட், பீச் இரண்டும் அதைவிடப் பிந்தி வந்தவை.

ஆப்பிளை 'அந்த வெப்பத்தில் வளராது' என்று ஒரே வரியில் தள்ளுவது வழக்கம். அது அவசரம். பல ஆப்பிள் வகைகளுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரம் தேவை என்பது சரிதான். ஆனால் தெற்கு மெசப்பொத்தேமியாவில் 'ஊர்' என்ற பெயருள்ள பண்டைய நகரில், புவாபி அரசியின் கல்லறையில், நூலில் கோத்து உலர்த்திய சிறிய ஆப்பிள் வில்லைகள் கிடைத்தன, சுமார் கி.மு. 2500. எங்கே விளைந்திருந்தாலும், வந்து சேர்ந்திருக்கிறது. அதே சமயம் 'இன்று இஸ்ரேலில் ஆப்பிள் விளைகிறதே' என்ற எதிர்வாதமும் செல்லாது. அன்னா போன்ற குறைந்த குளிர் வகைகள் இருபதாம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டவை.

ஒலிவத்தைச் சீக்கிரம் விலக்கிவிடலாம். மரத்திலிருந்து பறித்து அப்படியே வாயில் போட்டால் ஒலியூரோபீன் என்ற கசப்பு நாக்கைச் சுருட்டும். உப்புநீரில் ஊறவைப்பது போல எப்படியாவது பதப்படுத்தாமல் தின்ன முடியாது. 3:6இல் பறிப்பதும் புசிப்பதும் அடுத்தடுத்து நடக்கின்றன.

'திராட்சை கொடிதானே, மரம் இல்லையே' என்ற ஆட்சேபத்துக்கும் விடை வைத்துக்கொள்ளுங்கள். எபிரேய 'ஏட்ஸ்' என்ற சொல் கொடியையும் சேர்க்கும். எசேக்கியேல் 15:2இல் திராட்சைக்கு அதே சொல் ஆளப்படுகிறது. நியாயாதிபதிகள் 9இல் மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடிப் போகும்போது ஒலிவம், அத்திக்கு அடுத்து திராட்சையிடம்தான் கேட்கின்றன. திராட்சைக்கு உண்மையான இடறல் ஆதியாகமம் 9:20: நோவா திராட்சத்தோட்டம் நடுவது அங்கே புதிதாகத் தொடங்கும் செயல் போலச் சொல்லப்படுகிறது. அந்தப் பகுதியில் நிர்வாணம், கண்விழித்து அறிதல், சாபம் எல்லாம் மறுபடி வருவது திராட்சைக்குச் சாதகம். இரண்டையும் எழுதுங்கள்.

மூன்று பக்கங்களுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டலாமே என்று தோன்றும். கூட்டாதீர்கள். பக்கத்துக்கு ஒரு வாக்கியமாக விடையை எழுதுங்கள். எங்கள் விடை இப்படி இருக்கும்: வரிகள் பழத்தின் பெயரைச் சொல்லவில்லை, கதைக்குள்ளே அருகில் நிற்பது அத்தி, பழைய வாசகர்களிடம் திராட்சை, அத்தி, கோதுமை மூன்றும் போட்டியிட்டன, ஆப்பிள் மத்தியகால மேற்கு ஐரோப்பாவின் வரவு, அத்தியும் திராட்சையும் கதையின் நாட்டில் நிச்சயம் தெரிந்தவை.

ஓவியங்களைப் பார்க்கும்போது

ஓவியத்தில் பழத்தைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். உருண்டையாக எதையாவது வரைந்து வைத்துவிடுவார்கள். இலையில்தான் ஓவியர் உண்மை பேசுவார். ஆப்பிள் இலை முட்டை வடிவம், ஓரத்தில் நுண்ணிய பற்கள். அத்தியிலை கைவிரல் விரித்தாற்போல மூன்று அல்லது ஐந்து மடல், மடலின் நுனி மழுங்கியிருக்கும். திராட்சையிலைக்கும் மடல் உண்டு, ஆனால் ஓரம் கூரிய பற்களோடு இருக்கும், பக்கத்தில் பற்றுக்கம்பி சுருண்டிருக்கும். நாரத்தை இலை நீண்டு தடித்தது.

வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் (1508–1512) மைக்கலாஞ்சலோவின் மரம் அத்தி. யான் வான் ஐக்கின் கெண்ட் பீடப்படத்தில் (1432) ஏவாள் கையில் இருப்பது மேடுபள்ளமான தோலுள்ள நாரத்தை இனம் என்றே பெரும்பாலும் அடையாளம் காண்கிறார்கள். டியூரரின் 1507 ஓவியங்களிலும் கிரானாக்கின் 1526 ஓவியத்திலும் ஆப்பிள். பிரான்சில் பிளென்குரோ சிற்றாலயத்தின் 13ஆம் நூற்றாண்டுச் சுவரோவியத்தில் மரம் காளான் போலத் தெரியும். அதை வைத்துப் போதைக்காளான் கோட்பாடே எழுந்தது. கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி, அது மத்தியகால ஓவியர்கள் பைன் மரத்தைச் சுருக்கி வரையும் வழக்கமான பாணி என்று விளக்கினார்.

உடலை மறைக்கும் இலைகளை நம்பும் முன் அவை எப்போது வரையப்பட்டவை என்று விசாரியுங்கள். புளோரன்சில் மசாச்சோ 1420களில் வரைந்த வெளியேற்றக் காட்சியில் இலைகளே இல்லை. 1680 வாக்கில் யாரோ சேர்த்தார்கள். 1980களின் சீரமைப்பில் நீக்கினார்கள். பழைய புத்தகங்களில் உள்ள படத்தில் இலை இருக்கும், புதியவற்றில் இருக்காது.

வகுப்பில் அத்தியிலையைக் காட்டப் போகிறீர்கள் என்றால்

நல்ல யோசனைதான், கதை உடனே கைக்கு வந்துவிடும். முதலில் சரியான மரத்தைத் தேடுங்கள். நம் மொழியில் அத்தி என்றதும் நினைவுக்கு வருவது அடிமரத்திலேயே குலைகுலையாகக் காய்க்கும் மரம். அதன் இலை மடல் இல்லாத வழவழ இலை. வேதாகமத்தின் அத்தி அது அல்ல, சீமை அத்தி. அதன் இலை 25 சென்டிமீட்டர் வரை போகும், மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். இந்த அளவே ஒரு வாதம் என்பதைக் காட்டலாம்: அவசரத்துக்கு உடுத்த அகன்ற இலை தேடுகிறவர் அத்தியை நோக்கிப் போவதற்கு, அதன் பழத்தைத் தின்றிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரபி நெகேமியாவின் வாதத்தில் உள்ள ஓட்டை இதுதான்.

காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் சொட்டும். அதில் சோராலென் வகைப் பொருட்கள் உள்ளன. தோலில் பட்டு, பிறகு வெயிலும் பட்டால், ஒன்றிரண்டு நாளில் சிவந்து கொப்புளம் எழும்பும். கருந்தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். பட்ட உடனே எரிச்சல் தெரியாது என்பதால் பலரும் அலட்சியம் செய்துவிடுவார்கள். எனவே கையுறை போட்டு இலையை முந்தின நாளே பறித்து, பால் வடிந்து காம்பு காயும்வரை காகிதத்தில் பரப்பி வையுங்கள். பிள்ளைகள் தைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் தாளில் வெட்டிய இலையைக் கொடுங்கள். நிஜ இலை பார்வைக்கு மட்டும். யார் கையிலாவது பால் பட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, அந்த இடத்தை இரண்டு நாளைக்கு வெயில் படாமல் மூடி வைக்கச் சொல்லுங்கள்.